மதிப்பெண்ணோடு கட்டிப்போட்ட மதிப்பு

ஒருவர் தன்னைப் பற்றி மொத்தத்தில் என்ன நினைக்கிறார் என்பதே தன்மதிப்பு. திறமைக்கும் இதற்கும் நேர்த் தொடர்பு இல்லை. தங்கப்பதக்கம் வாங்கியவரும் தான் எதற்கும் லாயக்கில்லை என்று நம்பிக்கொண்டிருக்கலாம். அமெரிக்கச் சமூகவியலாளர் மாரிஸ் ரோசன்பெர்க் 1965-இல் வெளியிட்ட பத்து வாக்கியக் கேள்வித்தாளைத்தான் தன்மதிப்பை அளக்க ஆய்வாளர்கள் இன்றும் அதிகமாகப் பயன்படுத்துகிறார்கள். அதில் மார்க், அழகு, பணம் எதைப் பற்றியும் பேச்சே கிடையாது. மற்றவர்களுக்குக் குறையாத மனிதராகத் தன்னை ஏற்றுக்கொள்கிறாரா என்பதையே அது சுற்றிச் சுற்றிக் கேட்கிறது.

பல்கலைக்கழகம் சோதித்துப் பார்ப்பதும் இதைத்தான். ஊர்ப் பள்ளியில் முதலிடத்தை விடாதவர், முதலிடக்காரர்களே நிறைந்த வகுப்பில் நாற்பதாவது ஆளாகிறார். பாடமெல்லாம் ஆங்கிலத்தில் ஓடுகிறது. முதல் செமஸ்டரிலேயே அரியர் விழுகிறது. ஒரு தாள்தானே போயிற்று என்று சிலர் எழுந்துவிடுகிறார்கள். நானே போய்விட்டேன் என்று சிலர் உட்கார்ந்துவிடுகிறார்கள். தன்மதிப்பு முழுவதையும் தேர்வு முடிவோடு கட்டிப்போட்டவர்கள்தான் பெரும்பாலும் இரண்டாவது வகை. வீட்டிலும் பள்ளியிலும் பன்னிரண்டு வருடம் அப்படிக் கட்டிக் கொடுத்த பிறகு, மாணவரை மட்டும் குறை சொல்வது நியாயமில்லை.

தன்மதிப்பு குறைந்ததால் மனச்சோர்வு வருகிறதா, மனச்சோர்வு வந்ததால் தன்மதிப்பு குறைகிறதா? இரண்டும் உண்டு. 77 நீண்டகால ஆய்வுகளைத் தொகுத்து 2013-இல் வெளிவந்த ஒரு பகுப்பாய்வில் முதல் திசையே வலுவாகத் தெரிந்தது. ஆனாலும் தன்மதிப்பு குறைந்த எல்லோருக்கும் மனச்சோர்வு வருவதில்லை. பரம்பரை, உறக்கமின்மை, ராகிங், சாதிப் பாகுபாடு, காதல் முறிவு, கடன் என்று மற்றவையும் சேர்கின்றன.

மனச்சோர்வு ஒருநாள் வருத்தம் அல்ல. குறைந்தது இரண்டு வாரமாக, ஏறக்குறைய தினமும், மனம் கனத்தோ எதிலும் நாட்டமில்லாமலோ இருப்பது, கூடவே தூக்கம், பசி, கவனம் எல்லாம் கெடுவது. விடுதியில் இது வேறு உருவத்தில் தெரியும்: மதியம் வரை படுக்கை, மெஸ்ஸுக்குப் போகாமை, துவைக்காத துணி, வீட்டிலிருந்து வரும் அழைப்பை எடுக்காமை. பார்ப்பவர்கள் சோம்பேறி என்று முடித்துவிடுவார்கள். நோயாளியே தன்னை அப்படித்தான் திட்டிக்கொண்டிருப்பார். எட்டு நாடுகளில், சுமார் 14,000 முதலாண்டு மாணவர்களிடம் நடந்த கணக்கெடுப்பில், மூன்றில் ஒருவருக்கு மேல் வாழ்நாளில் ஏதோ ஒரு மனநலக் கோளாறின் அறிகுறிகள் இருந்திருக்கின்றன. அவற்றில் அதிகம் காணப்பட்டது மனச்சோர்வு.

தற்கொலை எண்ணத்துக்குப் பின்னால் இரண்டு உணர்வுகளைச் சுட்டிக்காட்டினார் உளவியலாளர் தாமஸ் ஜாய்னர்: யாரோடும் ஒட்டவில்லை என்பது ஒன்று, எல்லோருக்கும் சுமையாக இருக்கிறேன் என்பது மற்றொன்று. அப்பா கல்விக் கடனுக்குக் கையெழுத்துப் போட்டு அனுப்பிய முதல் தலைமுறைப் பட்டதாரிக்கு இரண்டாவது உணர்வு சுலபமாக வரும். ஆனால் அந்தச் 'சுமை' நோய் போடும் கணக்கு. வீட்டார் போடும் கணக்கு அது அல்ல. சிகிச்சையில் மனச்சோர்வு இறங்கும்போது இந்த எண்ணமும் தளர்கிறது. தற்கொலை எண்ணம் வந்தவர்களில் பெரும்பாலோர் அதைச் செயல்படுத்துவதும் இல்லை.

தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2022-இல் இந்தியாவில் தற்கொலையால் இறந்த மாணவர்கள், பள்ளியும் கல்லூரியும் சேர்த்து, 13,044 பேர். 'தேர்வில் தோல்வி' என்ற ஒற்றை வரிக் காரணம் செய்திக்குப் போதும், உண்மைக்குப் போதாது.

தற்கொலை பற்றிக் கேட்டால் அந்த எண்ணத்தைத் தூண்டிவிடுவோமோ என்ற பயம் பரவலானது. அந்தப் பயத்துக்கு ஆய்வுகளில் ஆதாரம் கிடைக்கவில்லை. "டேய், செத்துப்போகலாம்னு எதுவும் தோணுதாடா?" என்று அறைத்தோழர் நேராகக் கேட்டு, பதிலுக்கு அறிவுரை சொல்லாமல் காது கொடுப்பது பெரிய உதவி. ஆம் என்று பதில் வந்தால் தனியே விடாமல், கூடவே மருத்துவரிடமோ ஆலோசகரிடமோ அழைத்துப் போக வேண்டும். பேச்சுவழிச் சிகிச்சை, தேவைப்பட்டால் மருந்து, இரண்டுக்கும் பலன் தெரியச் சில வாரங்கள் பிடிக்கும்.

நூறு அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர்கள் படிக்கும் கல்வி நிறுவனங்களில் தகுதியுள்ள ஆலோசகர் ஒருவராவது இருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2025 ஜூலையில் வழிகாட்டியது. மார்க்கை வைத்து மாணவர்களைத் தனித்தனிக் குழுக்களாகப் பிரிப்பதையும், பலர் முன்னால் அவமானப்படுத்துவதையும் தவிர்க்கச் சொன்னதும் அதே தீர்ப்பு. அவசர நேரத்தில் பேச, மத்திய அரசின் டெலி மானஸ் எண் 14416. கட்டணமில்லை, இரவு பகல் எந்நேரமும் தமிழிலேயே பேசலாம். சென்னையில் 1986 முதல் இயங்கும் சிநேகா அமைப்பின் எண் 044-24640050.