சித்திரக் குறிப்புக் கொப்பி

பாடசாலையிற் சித்திரம் ஒரு பாடமாக இருக்கும்வரை எல்லாப் பிள்ளைகளும் வரைகின்றனர். இரண்டு மலைகளுக்கிடையே எழும் சூரியன், ஒரு தென்னை மரம், ஓட்டு வீடு, வீட்டின் முன்னே வேலி. பின்னர் பெரிய பரீட்சைகள் நெருங்குகின்றன. சித்திரக் கொப்பி அலுமாரியின் அடித்தட்டிற்குப் போய்விடுகின்றது. நாற்பது வயதினை அடைந்த ஒருவரிடம் ஒரு கதிரையை வரைந்து காட்டும்படி கேட்டால், தமக்கு வரைய வராது என்று நாணத்தோடு மறுத்துவிடுவார். அவருடைய கையெழுத்தோ முத்துக் கோத்ததுபோல் இருக்கும். ஊசி பிடித்தாலும் உளி பிடித்தாலும் அவர் விரல்கள் தவறுவதில்லை. ஆகவே குறை கையில் இல்லை. அந்தக் கதிரையில் அவர் ஆயிரம் தடவை அமர்ந்திருக்கலாம். ஒரு தடவையேனும் அதனை உற்றுப் பார்த்ததில்லை.

கதிரைக்கு நான்கு கால்கள் என்பதும், நான்கும் ஒரே உயரமுடையவை என்பதும் அவருக்குத் தெரியும். அதனால் நான்கு கால்களையும் ஒரே உயரத்தில், ஒரே கோட்டில் நிறுத்திவிடுகின்றார். அவர் இருக்குமிடத்திலிருந்து பார்க்கும்போது பின்னங்கால்களின் அடிகள் முன்னங்கால்களின் அடிகளைவிடச் சற்று மேலே தோன்றும். கண் அதைக் காட்டுகின்றது. அறிவு அதை மறுக்கின்றது. கை அறிவின் சொற்படி நடக்கின்றது. வரையப் பழகுதல் என்பதிற் பெரும்பகுதி, கண் சொல்வதைக் கை கேட்கும்படி செய்வதேயாகும். இதற்கு உதவுவதே நாள்தோறும் சிறிது நேரம் வரைந்து வைக்கும் குறிப்புக் கொப்பி.

இவ்வுண்மையை வற்புறுத்தியவர்களுள் ஆங்கிலக் கலை அறிஞர் ஜோன் றஸ்கின் முக்கியமானவர். 1854 ஆம் ஆண்டு தொடக்கம் இலண்டன் மாநகரில் இருந்த தொழிலாளர் கல்லூரி ஒன்றில் மாலை வேளைகளில் அவர் சித்திரம் கற்பித்தார். மாணவர்கள் பகலெல்லாம் உழைத்துக் களைத்த தொழிலாளர்கள். தச்சனை ஓவியனாக்குவது தமது நோக்கமன்று, தச்சனாகவே அவனை இன்னும் மகிழ்ச்சியோடு வாழச் செய்வதே தமது நோக்கம் என்ற கருத்தை அவர் வெளிப்படையாகவே கூறியிருக்கின்றார். 1857 இல் தொடக்கக்காரருக்கென அவர் வெளியிட்ட நூலும் கூரிய பார்வையையே முதற்பயனாகக் கருதுகின்றது. ஓவியராக வேண்டும் என்ற எண்ணமே இல்லாதவர்களும் தயக்கமின்றி இப்பழக்கத்தில் இறங்கலாம் என்பதற்கு இதைவிட நல்ல சான்று தேவையில்லை.

குறிப்புக் கொப்பியை ஒரு கடைக்காரரின் நாட்கணக்குக் கொப்பிக்கு ஒப்பிடலாம். கணக்குக் கொப்பியை எவரும் அழகுக்காக எழுதுவதில்லை; அன்றன்றைய கணக்கு அன்றன்றே பதியப்படவேண்டும் என்பதே அங்கு விதி. பெயர்பெற்ற ஓவியரான ரேணர் 1851 இல் இறந்தபோது அவர் விட்டுச்சென்றவற்றுள் ஏறக்குறைய 300 குறிப்புக் கொப்பிகள் இருந்தன. அவற்றுட் பல சட்டைப் பையில் அடங்கக்கூடியவை. சில பக்கங்களில் ஒரு மலையின் விளிம்பும் இரண்டு மூன்று கோடுகளும் மட்டுமே உண்டு. பிறர் பார்த்து மெச்சவேண்டும் என்பதற்காக அவர் அவற்றை வரையவில்லை.

ஆயினும் புதிதாகத் தொடங்குவோர் முதலிற் செய்வது கடைக்குப் போவதுதான். தோல் உறையிட்ட கனத்த கொப்பி, இருபத்துநான்கு பென்சில்கள் அடங்கிய தகரப் பெட்டி, தூரிகைக் கட்டு என்று வாங்கி வீட்டிற்குக் கொண்டுவருகின்றனர். பிறகு அந்த வெள்ளைத் தாளில் ஒரு கோடு இழுக்கவும் கை கூசுகின்றது. கூறைச் சேலையோடு அடுப்படியில் நிற்பவளின் நிலை அது. ஆதலால் முதற்கொப்பி விலை குறைந்ததாக, பழுதானாலும் மனம் வருந்தாததாக இருத்தல் நன்று. முதற்பக்கம் அச்சமூட்டினால் அதை வெறுமையாக விட்டு மூன்றாம் பக்கத்திற் தொடங்கலாம். தாளைக் கிழிப்பது மட்டும் கூடாது. ஒன்றைக் கிழிக்கத் தொடங்கியவர் கொப்பி முழுவதையும் கிழித்து முடிப்பார்.

விலை குறைவு என்பதற்காக எந்தக் கடதாசியும் ஆகும் என்று கொள்ளலாகாது. கடதாசியின் கனத்தைச் சதுர மீற்றருக்கு இத்தனை கிராம் என்று கணக்கிடுவர். பாடசாலைக் கொப்பித் தாள் பெரும்பாலும் 60 முதல் 80 கிராம் வரையிலானது. ஒரு பக்கத்தில் அழுத்தி வரைந்தால் மறுபக்கத்திற் தடம் விழும். பென்சில் வேலைக்கு 100 முதல் 120 கிராம்வரை உள்ள தாள் போதுமானது. நீர்வர்ணம் பூச விரும்புவோர் 200 கிராமுக்குக் குறைந்த தாளை நாடினால், நீர் பட்டவுடன் அது அலைபோல் நெளிவதைக் காண்பர். 300 கிராம் தாள் நெளிவது குறைவு, விலையோ கூடுதல். வாங்குமுன் தாளை விரலாற் தடவிப் பார்த்தல் வேண்டும். மிக வழுவழுப்பான தாளிற் பென்சில் வழுக்கிச் செல்லுமேயன்றிக் கருமை பிடிக்காது. மிகச் சொரசொரப்பான தாளிற் கோடு இடையிடையே அறுந்துபோகும். இரண்டிற்கும் நடுவிலுள்ளதே தொடக்கத்திற்கு ஏற்றது.

அளவைப் பொறுத்தவரையில், 148 மில்லிமீற்றர் அகலமும் 210 மில்லிமீற்றர் நீளமும் கொண்ட ஏ5 கொப்பி கைப்பையில் அடங்கும். பெரிய கொப்பி மேசையிலேயே தங்கிவிடும். பசையால் ஒட்டப்பட்டதைவிட நூலாற் தைக்கப்பட்ட கொப்பி சிறந்தது. அது இரு பக்கமும் விரிந்து படுக்கும். நமது நாட்டு வெப்பத்திற் பசை விட்டுத் தாள்கள் உதிர்வது அடிக்கடி காணும் காட்சி.

இனிப் பென்சிலைப் பார்ப்போம். அதனுள் இருக்கும் கரிய குச்சியை ஈயம் என்று பலர் எண்ணுகின்றனர். பதினாறாம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் வட பகுதியிலுள்ள பொறோடேல் என்னும் இடத்திற் கரும்பொருள் ஒன்று கட்டிகளாகக் கிடைத்தபோது, அக்காலத்தவர் அதனை ஈயத்தின் ஒரு வகையாகவே கருதினர். ஷீலே என்னும் வேதியியலாளர் 1779 இல் அது கரியின் ஒரு வடிவமே என்று காட்டினார். தமிழிலும் காரீயம் என்ற பெயரில் அந்தப் பழைய மயக்கம் நிலைத்துவிட்டது. பிரான்சு இங்கிலாந்தோடு போர் செய்த காலத்தில் ஆங்கிலக் காரீயம் பிரான்சிற்குக் கிடைக்காது போயிற்று. அப்போது கொண்டே என்பவர் காரீயத் தூளைக் களிமண்ணோடு குழைத்துச் சூளையிற் சுட்டுக் குச்சி செய்யும் முறையைக் கண்டு, 1795 இல் அதற்கு உரிமையும் பெற்றார். களிமண் கூடினாற் குச்சி வன்மையாகி மங்கலான கோட்டைத் தரும். காரீயம் கூடினால் மென்மையாகிக் கருமையான கோட்டைத் தரும். பென்சிலின் மேல் அச்சிடப்பட்டிருக்கும் எச் என்ற எழுத்து வன்மையையும் பி என்ற எழுத்து கருமையையும் குறிப்பன. எண் கூடக்கூட அந்தக் குணமும் கூடும்.

இலங்கையருக்கு இக்கரும்பொருள் அந்நியமானதன்று. போகலை, கஹட்டகஹ முதலிய இடங்களிலே பாறையின் வெடிப்புகளில் நரம்புபோல ஓடும் மிகத் தூய காரீயம் அகழப்படுகின்றது. முதலாம் உலகப் போர்க் காலத்திலே இதன் ஏற்றுமதி உச்சத்தை அடைந்தது. ஆயினும் அதிற் பெரும்பகுதி உலோகங்களை உருக்கும் மூசைகள் செய்யவே போயிற்று.

தொடக்கக்காரருக்கு இரண்டு பென்சில்கள் போதும்: எச்பி ஒன்று, 4பி ஒன்று. முன்னது உருவத்தைக் கட்டுவதற்கு, பின்னது நிழலுக்கு. இருபத்துநான்கு பென்சில்களை வைத்திருப்பவர் எதை எடுப்பது என்ற யோசனையிலேயே பத்து நிமிடத்தைப் போக்குவார். ஒல்லாந்து தேசத்து ஓவியர் வின்சென்ற் வான்கோ தமது 27 ஆம் வயதில், 1880 இல், ஓவியராவதென்று முடிவு செய்து படங்களைப் பார்த்துப் பார்த்து வரைந்து பழகினார். தச்சர்கள் மரத்திற் குறியிடும் தடித்த பென்சிலையும் அவர் பயன்படுத்தினார். பென்சிலைத் துருவியிற் சீவாது சிறு கத்தியாற் சீவி, குச்சி ஓரளவு நீளமாக வெளியே தெரியும்படி வைத்துக்கொண்டால், நுனியாற் கோடும் பக்கத்தாற் பரந்த நிழலும் இடலாம்.

அழிறப்பர் பற்றியும் ஒரு சொல். றப்பர் வருவதற்கு முன்னர் பாண் துண்டாற் பென்சிற் கோட்டை அழித்தனர். றப்பர் அந்த வேலையைச் செவ்வனே செய்கின்றது என்று 1770 இல் ஆங்கில விஞ்ஞானி பிறீஸ்ற்லி எழுதி வைத்தார். 1876 இல் றப்பர் மரக் கன்றுகள் கம்பஹாவுக்கு அண்மையிலுள்ள ஹெனரத்கொடைத் தோட்டத்தில் நடப்பட்டதும், பின்னர் அம்மரம் நமது பொருளாதாரத்தின் தூண்களுள் ஒன்றானதும் யாவரும் அறிந்தவை. ஆனால் முதல் ஒரு மாதத்திற்கேனும் அழிறப்பரை மேசை லாச்சியில் வைத்துப் பூட்டிவிடுவது உத்தமம். பிழையான கோடு அப்படியே இருக்கட்டும்; அதன் அருகிலேயே சரியான கோட்டை இடலாம். எவ்வளவு பிழைத்தது, எந்தப் பக்கம் பிழைத்தது என்பதைப் பிழையான கோடே காட்டும். அழித்துவிட்டால் அந்தப் பாடமும் அழிந்துபோகும். லியனார்டோ டாவின்சி தமது குறிப்புகளில், அழிக்க இயலாதவாறு பூச்சுப் பூசிய தாள்கள் கொண்ட சிறு கொப்பியை ஓவியர் எப்போதும் உடன் வைத்திருக்கவேண்டும் என்றும், நிறைந்தபின் அதனைப் பேணி வைக்கவேண்டும் என்றும் கூறியிருக்கின்றார். இக்காலத்தில் அதற்கெனத் தனித்தாள் தேவையில்லை. சாதாரணக் குமிழ்முனைப் பேனையே போதும். நெடுங்காலம் வெளிச்சம் பட்டால் அதன் மை மங்கும் என்பது மட்டும் நினைவில் இருக்கட்டும்.

வர்ணங்களுக்கு அவசரமில்லை. சில மாதங்கள் கழிந்தபின் மஞ்சள், சிவப்பு, நீலம் ஆகிய மூன்றும், கூர் நுனி கொண்ட உருண்டைத் தூரிகை ஒன்றும் வாங்கினால் மீதி நிறங்களைக் கலந்தே பெறலாம். தூரிகையை நீர்க் குவளையிலே தலைகீழாக நிறுத்தி வைப்பவர் அடுத்த வாரம் புதிய தூரிகை வாங்க நேரும்.

பொருள்களைப் பற்றிச் சொல்வது இலகு. பழக்கத்தை நிலைநாட்டுவதே அரிது. விடுமுறை நாளில் மூன்று மணி நேரம் என்று திட்டமிடுவோர் நிலைப்பதில்லை. பத்து நிமிடம், ஆனால் நாள்தோறும். அதுவும் முன்னரே உள்ள ஒரு வழக்கத்தோடு பிணைத்துக் கொள்ளுதல் வேண்டும். காலைத் தேநீர் ஆறும்வரை, அல்லது புகையிரதம் வரும்வரை என்று வைத்துக்கொள்ளலாம். எதை வரைவது என்ற கேள்வியில் நேரம் போகாதிருக்க, ஒரு வாரத்திற்கு ஒரே பொருளை எடுத்துக்கொள்வது நல்ல உபாயம். அடுக்களைச் செம்பு ஒன்றை ஏழு நாளும் வரைந்தவர், அதன் வாய் வட்டமாக இருந்தும் கண்ணுக்கு நீள்வட்டமாகவே தெரிகின்றது என்பதை மூன்றாம் நாளிலாவது கண்டுகொள்வார். செம்பைக் கண்மட்டத்திற்கு உயர்த்தினால் அந்த நீள்வட்டம் ஒடுங்கி வெறும் கோடாகிவிடும். இதனை எத்தனை நூல்களிற் படித்தாலும் தாமே கண்டதற்கு ஈடாகாது.

கண்ணையும் கையையும் இணைக்கும் பயிற்சி ஒன்றும் உண்டு. அமெரிக்க ஆசிரியர் கிமோன் நிக்கொலைடிஸ் எழுதி, அவர் மறைந்தபின் 1941 இல் வெளியான நூலினால் இது பரவலாயிற்று. தாளைப் பாராது, பொருளின் விளிம்பை மட்டும் பார்த்தவண்ணம், எறும்பு ஊர்வதுபோல மெல்லக் கண்ணை நகர்த்தி, அதே வேகத்திற் பென்சிலையும் நகர்த்தவேண்டும். முடிவில் தாளிற் காண்பது சிரிப்பை மூட்டும். ஆனால் அந்தக் கோணற் கோட்டில், மனப்பாடமாக வரைந்த நேர்த்தியான கையில் இல்லாத உயிர்த்துடிப்பு இருப்பதைச் சில நாட்களில் எவரும் உணர்வர். மற்றொரு வழி, பொருளை விட்டுவிட்டு இடைவெளியை வரைதல். கதிரைக் கால்களுக்கிடையே தெரியும் வெற்றிடங்களுக்கு வடிவம் உண்டு. அவ்வடிவங்களைச் சரியாக வரைந்தாற் கால்கள் தாமாகவே சரியான இடத்தில் வந்து நிற்கும்.

பெரும்பாலோர் சோர்வது மூன்றாம் நான்காம் வாரத்திலேயே. அதற்கும் காரணம் உண்டு. கண் கையைவிட விரைந்து வளர்கின்றது. முதல் நாளிற் தெரியாத பிழைகள் இப்போது தெரிகின்றன. ஆகவே தமது வேலை மோசமாகிவிட்டதென்று எண்ணிக் கொப்பியை மூடிவிடுகின்றனர். ஒவ்வொரு பக்கத்திலும் திகதியிடுவது இதற்குத்தான். முதல் வாரத்துச் செம்பையும் நான்காம் வாரத்துச் செம்பையும் அருகருகே வைத்துப் பார்த்தால் ஐயம் தீரும்.

வீட்டிற்கு வெளியே வரைவோர் சந்தையிலும் கோயில் வீதியிலும் பஸ் தரிப்பிடத்திலும் தொடங்கலாம். யாரேனும் அருகில் வந்து எட்டிப் பார்ப்பார்கள். அது தவிர்க்கமுடியாதது, ஒரு புன்னகை போதும். நடமாடும் மனிதரை வரையும்போது முழு உருவத்திற்கு ஆசைப்படாது, சாய்ந்த முதுகு, சுமை தூக்கிய தோள் என்று ஒரு கோட்டைப் பிடித்தாலே பெரிது. யப்பானிய ஓவியர் ஹொக்குசாய் இவ்வாறான சிறு சித்திரங்களை ஆயிரக்கணக்கில் வரைந்தார். அவை 1814 முதலாக அச்சேறி, முடிவில் 15 தொகுதிகளாயின. மல்லர், மீனவர், பூச்சி, புல் எதையும் அவர் ஒதுக்கவில்லை.

கைத்தொலைபேசியில் ஒரு நொடியிற் படம் பிடிக்கக்கூடிய காலத்தில் இது எதற்கு என்று கேட்போர் உளர். யாழ்ப்பாணத்துத் துலாக்கிணற்றை எடுத்துக்கொள்ளலாம். நீர் இறைக்கும் இயந்திரங்கள் வந்தபின் துலாக்கள் அருகிவிட்டன. புகைப்படம் துலாவைக் காட்டும். ஆனால் அதனை வரைய அமர்ந்தவர், ஆடுகாலிலே துலா எவ்வாறு பொருத்தப்பட்டுள்ளது, பாரம் எந்தப் பக்கம், கொடி எங்கே கட்டப்பட்டது என்று ஒவ்வொன்றையும் கேட்டறிந்தாலன்றி ஒரு கோடும் இடமுடியாது. நாற்சார் வீடுகளிற் பல 1980களிலும் 1990களிலும் போரினால் இடிந்தன. அவற்றின் முற்றத்துத் தூண் எப்படி இருந்தது, தாழ்வாரம் எவ்வளவு சரிந்தது என்று இன்று முதியோரைக் கேட்கும்போது, கைகளை விரித்து அளவு காட்டுகின்றார்களேயன்றிச் சொற்களால் விளக்க அவர்களால் இயலவில்லை. அந்த வீட்டுத் திண்ணையிலிருந்து எவரேனும் ஒரு மாலை வேளையில் பத்து நிமிடம் வரைந்திருந்தால், அத்தாள் இன்று விலைமதிப்பற்றதாகியிருக்கும். இப்பொழுது நிற்கும் வீடுகளும் கடைகளும் மரங்களும் வரையப்படுவதற்கு இன்னும் இருக்கின்றன.

நிறைந்த கொப்பியின் முதுகில் இலக்கமும் தொடங்கிய திகதியும் முடிந்த திகதியும் எழுதி, ஈரம் அண்டாத உயரமான தட்டில் வைக்கவேண்டும். கரையோர ஊர்களிற் காற்றின் ஈரத்தாற் பூஞ்சணம் பிடிக்கும். பசையையும் தாளையும் தின்னும் வெள்ளிப் பூச்சியும் வரும். ஆண்டுக்கு இரண்டு முறையேனும் வெளியே எடுத்து நிழற்பாங்கான இடத்திற் காற்றாட விரித்து வைப்பதும், மென்பென்சிற் பக்கங்களுக்கிடையே மெல்லிய வெள்ளைத் தாள் இடுவதும் நல்லவை. அடுத்த கொப்பியை, நடப்பிலுள்ளதிற் பத்துத் தாள் மீதி இருக்கும்போதே வாங்கி வைத்துவிடவேண்டும். கடைக்குப் போக நேரமில்லை என்ற சாட்டில் விட்டுப்போன பழக்கங்கள் பல.