சுருங்குதல், ஒடுங்குதல், கூசுதல்: ஓர் ஆங்கிலச் சொல்லும் நம் உடல்களும்

'ஷ்ரிங்க்' என்ற ஆங்கிலச் சொல்லைத் தமிழில் பெயர்க்க உட்காரும் எவருக்கும் ஒரு சங்கடம் வரும். வெந்நீரில் போட்ட கம்பளி ஷ்ரிங்க் ஆகிறது. ஓங்கிய கையைக் கண்ட குழந்தையும் ஷ்ரிங்க் ஆகிறது. ஆங்கிலத்துக்கு இரண்டும் ஒரே சொல். நமக்கோ முன்னது சுருங்குதல். பின்னது ஒடுங்குதல், கூசுதல், ஒதுங்குதல், பம்முதல் என்று பலவற்றுள் ஒன்று. எதைத் தேர்வது என்பது வெறும் நடைப் பிரச்சினை போலத் தெரியும். அப்படியில்லை என்பதே என் வாதம். சுருங்கி நிற்கும் உடலுக்கு எதிரே நிற்பவர் யார் என்பதைச் சொல்வதா, மறைப்பதா என்பது இந்தத் தேர்விலேயே முடிவாகிவிடுகிறது.

1

பழைய ஆங்கிலத்தில் இச்சொல்லின் வடிவம் 'ஸ்க்ரின்கன்'. வாடுதல், வற்றுதல், சூம்புதல் ஆகியவையே அன்றைய பொருள்கள். சுவீடிஷ் மொழியில் சுருக்கம் விழுவதைக் குறிக்கும் 'ஸ்க்ரிங்கா' இதற்கு உறவுச் சொல். அஞ்சிப் பின்வாங்குதல் என்ற பொருள் 14ஆம் நூற்றாண்டு வாக்கில்தான் வந்து ஒட்டுகிறது. நத்தை தன் கொம்பை உள்ளே இழுத்துக்கொள்வதைப் பார்த்து இப்பொருள் பிறந்திருக்கலாம் என்று ஒரு ஊகம் உண்டு. ஆக, செடியிலும் சதையிலும் இருந்த சொல் மெல்ல மனசுக்குள் குடிபுகுந்தது. பிற்பாடு, கூச்ச சுபாவம் உள்ளவரை, பெரும்பாலும் பெண்ணை, 'ஷ்ரிங்கிங் வயலெட்', அதாவது ஒடுங்கிக்கொள்ளும் வயலெட் பூ, என்று அழைக்கும் வழக்கமும் வந்தது. வாடுவது பூவின் இயல்பு என்றால் ஒடுங்குவது பெண்ணின் இயல்பு என்று ஆகிவிடுகிறது, இல்லையா?

இலக்கணத்தைப் பாருங்கள். வெந்நீர் கம்பளியைச் சுருக்கியது என்று சொல்ல ஆங்கிலத்தில் இடமுண்டு. சுருங்கியது, சுருக்கியது இரண்டுக்கும் ஒரே வடிவம் போதும். ஆனால் அச்சப் பொருளில் அது முடியாது. ஒருவர் இன்னொருவரை அஞ்சிப் பின்வாங்க வைத்தார் என்பதை 'ஷ்ரிங்க்' என்ற வினையால் சொல்ல முடியாது. விழுவதற்கு 'ஃபால்', வீழ்த்துவதற்கு 'ஃபெல்' என்று இணைச் சொற்கள் ஆங்கிலத்திலும் உண்டு. அஞ்சி ஒடுங்குவதற்கு அப்படி ஒரு இணை இல்லை. பின்வாங்கியவர் வாக்கியத்தில் இருப்பார். பின்வாங்க வைத்தவர் இருக்க மாட்டார்.

செய்பவர் இந்தச் சொல்லுக்குள் திரும்பி வந்தது ஒரு கேலியின் வழியாகத்தான். 1950களின் அமெரிக்கப் பேச்சில் மனநல மருத்துவருக்கு 'ஹெட்ஷ்ரிங்கர்', தலையைச் சுருக்குகிறவர், என்று பட்டப்பெயர். 1966இல் வெளிவந்த தாமஸ் பிஞ்சனின் நாவலில் அது வெறும் 'ஷ்ரிங்க்' ஆகிவிடுகிறது. இந்தக் கேலிக்குப் பின்னால் ஒரு மக்கள் கூட்டம் இருக்கிறது. ஈக்வடார், பெரு நாடுகளின் அமேசான் காட்டுப் பகுதியில் வாழும் ஷுவார் மக்கள், போரில் கொன்ற எதிரியின் தலைத் தோலைச் சடங்காகச் சுருக்கிப் பதப்படுத்தினார்கள். ஐரோப்பிய, அமெரிக்கச் சேகரிப்பாளர்கள் துப்பாக்கியைக் கொடுத்து அந்தத் தலைகளை வாங்க ஆரம்பித்ததும் கொலைகள் பெருகின. ஆக்ஸ்போர்டிலுள்ள பிட் ரிவர்ஸ் அருங்காட்சியகம் 2020இல்தான் அவற்றைக் காட்சியிலிருந்து எடுத்தது. சுருங்கிய தலை இத்தனை காலமும் கண்ணாடிக்கு உள்ளே இருந்தது. கேட்டு வாங்கிய கை கண்ணாடிக்கு வெளியே இருந்தது.

2

தமிழில் இந்த மறைப்பு அவ்வளவு சுலபமில்லை. சுருங்கு – சுருக்கு, ஒடுங்கு – ஒடுக்கு, அடங்கு – அடக்கு, ஒதுங்கு – ஒதுக்கு, முடங்கு – முடக்கு, மடங்கு – மடக்கு, நசுங்கு – நசுக்கு, அமுங்கு – அமுக்கு. மெல்லின ஒற்று வல்லினமாகத் திரிந்தால் தன்வினை பிறவினையாகிறது. நம் திருநெல்வேலிச் சீமையில் இடையன்குடியில் இருந்துகொண்டு எழுதிய கால்டுவெல், 1856இல் வெளியிட்ட தன் ஒப்பிலக்கணத்தில் இந்தத் திரிபைத் திராவிட மொழிகளின் இயல்புகளில் ஒன்றாகப் பேசுகிறார். இலக்கணமாக இதைப் பள்ளிக்கூடத்தில் படித்துவிட்டு மறந்துபோகிறோம். ஆனால் ஒருவன் ஒடுங்கி நிற்கிறான் என்று சொன்ன மாத்திரத்தில், ஒடுக்கியவன் யார் என்ற கேள்வி ஒற்றை எழுத்துத் தூரத்தில் காத்திருக்கிறது.

எங்கள் சுந்தரபாண்டியபுரத்திலிருந்தே ஒரு உதாரணம். 'ரோஜா' (1992) படத்தின் கதாநாயகிக்கு ஊர் எங்கள் ஊர்தான். குற்றாலத்தில் சாரல் விழும் பருவத்தில் இங்கே சூரியகாந்தி பூக்கும். அருவியில் குளித்துவிட்டு வருகிற கூட்டம் வயல் வரப்பில் நின்று படம் எடுக்கும். களை எடுக்கிற பெண்களைப் பார்த்து, "எக்கா, கொஞ்சம் ஒதுங்கிக்கிடுங்க" என்று ஒரு குரல் வரும். அவர்களும் ஒதுங்குவார்கள். பூ வளர்த்தவர்கள் இல்லாத பூந்தோட்டம் படத்தில் விழும். கேட்டவர் மரியாதையாகத்தான் கேட்டார். 'ஒதுங்கு' என்ற தன்வினையில்தான் கேட்டார். ஆனால் நடந்தது என்னவோ 'ஒதுக்கு' என்ற பிறவினை.

அதே வினைக்கு இன்னொரு வழக்கும் உண்டு. கழிப்பறை இல்லாத வீட்டுப் பெண்கள் இருட்டோடு எழுந்து காட்டுக்குப் போவதை 'ஒதுங்கப் போறது' என்பார்கள். நாட்டு நடப்பு முழுவதும் அந்த ஒரு வினைக்குள் இருக்கிறது. வெளிச்சம் வருமுன் போய்விட்டுத் திரும்ப வேண்டும். யாராவது வந்தால் எழுந்து நிற்க வேண்டும். ஒதுங்குகிறவள் அவள். ஒதுங்க ஒரு இடம்கூட ஒதுக்காதவர்கள் யார் என்று அந்தச் சொல் கேட்பதில்லை. நாம்தான் கேட்க வேண்டும்.

3

எல்லாச் சொல்லுக்கும் இந்த இணை இல்லை என்பதையும் பார்க்க வேண்டும். கூசு, நாணு, பம்மு ஆகியவற்றுக்கு இப்படி ஒற்றுத் திரிந்து வரும் பிறவினை கிடையாது. 'கூசச் செய்' என்று ஒட்டுப்போட்டுத்தான் சொல்ல முடியும். அதனால்தானோ என்னவோ, அதிகாரத்துக்குப் பிடித்த சொற்களும் இவைதாம். கூச்சமும் நாணமும் உள்ளிருந்து வருபவை, பிறவிக் குணங்கள் என்று பேசப்படுகின்றன. "என்னத்துக்குக் கூச்சப்படுதீய, சும்மா உக்காருங்க" என்று நாற்காலியைக் காட்டுகிறவர் பெருந்தன்மையாளர் ஆகிவிடுகிறார். அந்த நாற்காலியில் மூன்று தலைமுறையாக எதிரிலிருப்பவரின் ஆட்கள் உட்கார முடியாமல் போனது ஏன் என்பது 'கூச்சம்' என்ற சொல்லுக்குள் காணாமல் போகிறது.

'அடக்கம்' இதைவிடத் தந்திரமானது. அடங்கியிருத்தலும் அடக்கப்பட்டிருத்தலும் அதற்குள் பிரித்தறிய முடியாமல் கலந்து கிடக்கின்றன. திருக்குறள் ஐம்புலனை அடக்குவதற்கு ஆமையை உவமை காட்டுகிறது. அங்கே அடக்குகிறவரும் அடங்குகிறவரும் ஒரே ஆள். ஊர்ப் பேச்சிலோ, "தங்கமான பய, ரொம்ப அடக்கம், நம்மளக் கண்டா தள்ளித்தான் நிப்பான்" என்று வருகிறது. இங்கே ஆள் இரண்டாகிவிட்டது. ஓட்டுக்குள் போன ஆமையைப் புகழ்கிறவர் கையில் கம்பு இருக்கிறது.

இயல்பு என்ற வாதத்துக்குச் சாட்சியாக எப்போதும் நிறுத்தப்படுவது தொட்டாற்சுருங்கி. வெப்பமண்டல அமெரிக்காவிலிருந்து உலகெங்கும் பரவிய செடி இது. லின்னேயஸ் 1753இல் இதற்கு 'மிமோசா புடிகா' என்று பெயரிட்டார். 'புடிகா' என்றால் நாணமுள்ளவள். தமிழிலேயே தொட்டாற்சிணுங்கி என்றும் பெயருண்டு. மலைக்கு அந்தப் பக்கம் மலையாளத்தில் தொட்டாவாடி. வடமொழியில் லஜ்ஜாவதி, நமஸ்காரி என்றெல்லாம் பெயர்கள். இலை மடங்கியதைக் கும்பிடு என்று வாசித்த கண் எந்தத் திண்ணையில் உட்கார்ந்திருந்தது என்று யோசிக்கலாம். உருது எழுத்தாளர் ராஜிந்தர் சிங் பேதி, பிரிவினையின்போது கடத்தப்பட்டு மீட்கப்பட்ட ஒரு பெண்ணின் கதைக்கு 'லாஜ்வந்தி' என்று இந்தச் செடியின் பெயரை வைத்தார். திரும்பி வந்தவளை அவள் கணவன் தேவி என்று கொண்டாடுகிறான். அவள் பட்டதைக் கேட்க மட்டும் மறுத்துவிடுகிறான்.

செடியின் நிஜக் கதை வேறு. தொட்டதும் இலைக்காம்பின் அடியிலுள்ள புடைப்பில் சில அணுக்களிலிருந்து அயனிகளும் நீரும் வெளியேறுகின்றன. விறைப்பு தளர்ந்து இலை மடங்குகிறது. இதில் நாணமும் இல்லை, கும்பிடும் இல்லை. 2014இல் மோனிகா காக்லியானோவும் உடன் ஆய்வாளர்களும் வெளியிட்ட ஒரு சோதனையில், இச்செடித் தொட்டிகளைச் சிறு உயரத்திலிருந்து திரும்பத் திரும்ப விழவிட்டார்கள். விழுவதால் கெடுதல் இல்லை என்றானதும் செடிகள் இலை மடக்குவதை நிறுத்திக்கொண்டன. ஒரு மாதம் கழித்துச் சோதித்தபோதும் மடக்கவில்லை. ஒடுங்குவதே இயல்பு என்று காட்ட இதற்கு மேல் அந்தச் செடியைக் கூப்பிட முடியாது.

4

மனித உடலும் இப்படிப் பழக்கப்படுத்தப்படுவதுதான். நடை, இருப்பு, நிற்பு எல்லாமே சமூகம் கற்றுக்கொடுத்த நுட்பங்கள் என்று மார்செல் மோஸ் 1934இல் ஒரு சொற்பொழிவில் சொன்னார். அடிமைப்பட்டவர்களின் தசை இறுக்கத்தைப் பற்றி, கனவில் மட்டும் ஓடவும் தாவவும் முடிகிற உடல்களைப் பற்றி, ஃபனான் 1961இல் எழுதினார். நமக்கு இதற்குப் பாரீசும் அல்ஜீரியாவும் போக வேண்டியதில்லை. தோள் துண்டை எடுத்து இடுப்பில் கட்டுவது, செருப்பைக் கையில் எடுப்பது, வாயைப் பொத்திப் பேசுவது எல்லாம் உடலைச் சுருக்கும் பாடத்திட்டம் அல்லாமல் வேறென்ன?

தென்காசிக்கு மேற்கே செங்கோட்டை வட்டம் 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர், பிறகு திருவிதாங்கூர்-கொச்சி எல்லைக்குள் இருந்தது. எந்தச் சாதி எத்தனை எட்டு தள்ளி நிற்க வேண்டும் என்று கணக்கு வைத்திருந்த நாடு திருவிதாங்கூர். நாடார் பெண்கள் மார்பை மறைக்கும் உரிமைக்காகப் பல பத்தாண்டுகள் போராடினார்கள். 1859 ஜூலை 26இல் வந்த அரச அறிவிப்பு மறைத்துக்கொள்ளலாம் என்றது. ஆனால் மேல்சாதிப் பெண்களைப் போல உடுத்தக் கூடாது என்ற நிபந்தனையோடு. அதாவது சுருக்கை அவிழ்க்கவில்லை, ஒரு பிடி தளர்த்தினார்கள். அதே நாட்டில் 1893இல் அய்யன்காளி வில்லுவண்டி கட்டிப் பொதுச்சாலையில் போனார். ஒதுங்க வேண்டிய உடல் சாலையின் நடுவே, உயரத்தில், உட்கார்ந்து போனது. இந்தப் பக்கம் சென்னை மாகாணத்தில், பொதுச்சாலையிலும் கிணற்றிலும் எவருக்கும் தடையில்லை என்ற தீர்மானத்தை இரட்டைமலை சீனிவாசன் 1924இல் சட்டமன்றத்தில் கொண்டுவந்து நிறைவேற்றினார். நடப்பதற்கு ஒரு தீர்மானம் தேவைப்பட்டது என்பதே, அதற்கு முன்பு ஒதுங்கியவர்கள் கூச்சத்தால் ஒதுங்கவில்லை என்பதற்குப் போதுமான சான்று.

5

ஜவுளித் தொழிலில் ஒரு முறை உண்டு. நெய்யும்போதும் மெருகேற்றும்போதும் இழுத்துப் பிடிக்கப்பட்ட நூல், நனைந்ததும் இழுவை தளர்ந்து உள்வாங்குகிறது. வேட்டி சுருங்குவதன் காரணம் இதுதான். சான்ஃபோர்ட் குளூயட் என்ற அமெரிக்கர், விற்பனைக்கு வருமுன் ஆலையிலேயே துணியைச் சுருக்கிவிடும் முறையை 1930 வாக்கில் கொண்டுவந்தார். 'சான்ஃபரைஸ்டு' என்று துணியில் முத்திரை போடுவார்கள். பிறகு அது சுருங்காது. சுருங்க வேண்டியது முன்னமே சுருங்கிவிட்டது. 'நல்ல வளர்ப்பு' என்று நாம் சொல்வதில் பாதி இதுதான் என்று எனக்குப் படுகிறது. பெண் பிள்ளைக்கும் சேரிப் பிள்ளைக்கும் வீட்டிலேயே முன்சுருக்கம் நடந்துவிடுகிறது. அடி விழாமல் காப்பாற்றத்தான் அம்மாக்கள் அதைச் செய்கிறார்கள். பிறகு ஒடுக்குகிறவன் கை ஓங்கவே வேண்டியதில்லை.

நம் பக்கத்து எழுத்தையும் ஒரு கேள்வி கேட்டாக வேண்டும். 'தாழ்ந்தோர்' என்பதைத் 'தாழ்த்தப்பட்டோர்' என்று மாற்றியது பெரிய பாய்ச்சல். தாழ்வு பிறவியில் இல்லை, செய்தவர் ஒருவர் உண்டு என்று அது அறிவித்தது. ஆனால் 'ஒடுக்கப்பட்டோர்' என்று எழுதி எழுதி, ஒடுக்கியவர் பெயரை எழுதும் வழக்கம் குறைந்துவிட்டது. 'ஆல்' உருபு வர வேண்டிய இடம் காலி. செயப்பாட்டு வினை ஒரு சாதிப்பெயர் மாதிரி உறைந்து போகிறது. பட்டவர் என்றைக்கும் பட்டவராகவே இருக்கிறார். அந்த வாக்கியத்தில் அவர் எதையும் செய்வதில்லை.

இங்கேதான் தன்வினையின் மதிப்பு எனக்குப் புரிகிறது. விடுதலைச் சிறுத்தைகள் எழுப்பிய 'அடங்க மறு' என்ற முழக்கத்தை இலக்கணமாக வாசித்துப் பாருங்கள். அடக்குகிறவனிடம் 'அடக்காதே' என்று அது மன்றாடவில்லை. அடங்குவது என் வினை, அதைச் செய்ய மாட்டேன் என்கிறது. 1981 பிப்ரவரி 19இல் இதே தென்காசி வட்டாரத்தில், மலையடிவார மீனாட்சிபுரத்தில், நூற்றுக்கும் மேற்பட்ட தலித் குடும்பங்கள் இஸ்லாத்தைத் தழுவின. அமைச்சர்களும் தலைவர்களும் வந்து போனார்கள்; அரபுப் பணம் என்றார்கள், ஆசை காட்டினார்கள் என்றார்கள். யாரோ அவர்களை மாற்றியதாக, பிறவினையில் மட்டுமே பேசினார்கள். அவர்கள் மாறினார்கள் என்ற தன்வினை வாக்கியம் பலருக்கு வாயில் வரவில்லை.

ஆகவே 'ஷ்ரிங்க்' என்ற சொல் கண்ணில் படும்போது ஒரே ஒரு தமிழ்ச் சொல்லை வைத்துக் கடந்துவிட வேண்டாம் என்கிறேன். சுருங்கியது யார், சுருக்கியது யார் என்று இரண்டையும் கேட்டுவிட்டு எழுதுவோம். முதல் கேள்வியை மட்டும் கேட்டால் கூச்சம், சுபாவம் என்று மனோதத்துவத்தில் போய் முடியும். இரண்டாவதை மட்டும் கேட்டால், மறுக்கத் தெரிந்த மனுசனை வாக்கியத்திலிருந்து ஒதுக்கிவிடுவோம்.