பகைமையும் கண்டனமும்

ஒருவரை அவர் செய்த செயலுக்காகக் கண்டிப்பது ஒன்று. அவர் பிறந்த குலத்துக்காக இகழ்வது வேறொன்று. முன்னதற்கு இடமளிப்பதும் பின்னதைத் தடுப்பதும் குடியரசின் கடமைகள். இவ்விரு கடமைகளும் ஒன்றோடொன்று மோதும் இடத்தை ஜெர்மனியின் வரலாற்றிலே தெளிவாகக் காணலாம்.

நாஜி ஆட்சியில் ஏறத்தாழ 60 லட்சம் யூதர்கள் கொல்லப்பட்டனர். அவ்வாட்சி வீழ்ந்து பதினான்கு ஆண்டுகள் கழிந்த பின்னரும், 1959-ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் இரவில், கொலோன் நகரத்து யூத ஆலயத்தின் சுவரிலே ஸ்வஸ்திகச் சின்னமும் வசைமொழியும் தீட்டப்பட்டன. மூன்று மாதங்களுக்கு முன்புதான் திரும்பக் கட்டித் திறக்கப்பட்ட ஆலயம் அது. அடுத்த ஆண்டே மேற்கு ஜெர்மனி தன் தண்டனைச் சட்டத்தின் 130-ஆம் பிரிவைத் திருத்திற்று. மக்களுள் ஒரு பகுதியினர்மீது பகைமையைத் தூண்டி, அவர்களுடைய மனித மாண்பைத் தாக்குவது குற்றமாயிற்று. யூதப் படுகொலை நிகழவேயில்லை என்று பகிரங்கமாக மறுப்பதும் 1994-இல் அப்பிரிவில் சேர்க்கப்பட்டது.

இதுவரை வழி நேரானது. இஸ்ரேல் நாட்டைப் பற்றிய பேச்சு எழும்போதுதான் சிக்கல் பிறக்கிறது. பல நாடுகள் கூடி 2016-இல் யூத வெறுப்புக்கு ஓர் இலக்கணம் வகுத்தன. பிற நாடுகளைக் கண்டிப்பது போன்றே இஸ்ரேலையும் கண்டிப்பது வெறுப்பாகாது என்று அதுவே கூறுகிறது. ஆயினும் அதிலுள்ள எடுத்துக்காட்டுகள் பல இஸ்ரேலைப் பற்றியவையாதலின், எல்லை எங்கே என்னும் வாதம் ஓயவில்லை.

மியூனிக் நகர்மன்றம் 2017-இல் ஒரு தீர்மானம் செய்தது. இஸ்ரேலைப் புறக்கணிக்கக் கோரும் இயக்கத்தைப் பற்றிய கூட்டங்களுக்கு நகராட்சி மண்டபங்களைத் தருவதில்லை என்பது அது. அத்தீர்மானம் கருத்துரிமையைக் குறைக்கிறதா என்று விவாதிக்கவே ஒரு குடிமகன் மண்டபம் கேட்டார், அதுவும் மறுக்கப்பட்டது. வழக்கு லைப்சிக் நகரிலுள்ள கூட்டாட்சி நிர்வாக நீதிமன்றம் வரை சென்றது. கருத்துரிமையைச் சட்டத்தினால் மட்டுமே வரையறுக்கலாம், நகர்மன்றத் தீர்மானம் அத்தகைய சட்டமன்று என்று 2022 ஜனவரியில் அந்நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

இஸ்ரேல் அரசின் செயலுக்கு பெர்லினில் வாழும் யூதரைப் பொறுப்பாக்கி ஏசுவது பகைமை. அவ்வரசின் கொள்கையைக் காரணம் காட்டிக் கண்டிப்பது அரசியல். இரண்டாவதையும் பகைமை என்று அழைக்கப் பழகிவிட்டால், ஆலயச் சுவரில் மீண்டும் வசைமொழி தோன்றும் நாளில் அச்சொல்லுக்கு வலிமை இராது. அன்று முதலில் துன்புறுவோர் அந்த ஆலயத்துக்குச் செல்லும் யூதர்களே.