தழும்புக்குச் சட்டை, சட்டைக்குள் கற்றாழை

தீப்புண் ஆறிடுச்சுன்னு ஆஸ்பத்திரியில் வீட்டுக்கு அனுப்பின பிறகுதான் பலருக்கு அடுத்த கஷ்டம் தொடங்குது. ஆழமாக வெந்த இடத்தில் எண்ணெய்ச் சுரப்பி, வியர்வைச் சுரப்பி இரண்டும் அழிந்துபோகும். புதுத்தோல் வறண்டு வெடிக்கும். ராத்திரி தூங்க விடாமல் அரிக்கும். தழும்பு தடித்து மேலெழும்பும். அது கழுத்திலோ விரல் மூட்டிலோ இருந்தால், சுருங்கி அந்த இடத்தையே மடக்கிப் பிடிச்சுக்கும்.

இதற்கு டாக்டர்கள் தருவது அழுத்த உடை. உடம்பை அளவெடுத்து, இழுபடும் நூலில் இறுக்கமாகச் செய்த சட்டை, கையுறை, முகமூடி. ஒரு நாளைக்கு 23 மணி நேரம் வரை போட்டிருக்கணும். பல மாதம், சிலருக்கு 2 வருஷம்கூட. சிக்கல் இங்கேதான். வறண்ட தோலுக்கு அடிக்கடி களிம்பு வேணும், சட்டையோ கழற்றக் கூடாது. எண்ணெய்ப்பசையுள்ள களிம்பு பட்டால் அந்த நூலும் சீக்கிரம் தளர்ந்துடும்.

அப்படியானால் களிம்பைத் துணியிலேயே ஏற்றினால் என்ன? அதைத்தான் செய்து பார்க்கிறார்கள். கற்றாழைச் சாறு, வைட்டமின் ஈ, தாவர எண்ணெய் போன்றவற்றைக் கண்ணுக்குத் தெரியாத குமிழிகளுக்குள் அடைக்கிறார்கள். குமிழியின் தோலை ஜெலட்டினிலோ, இறால் ஓட்டிலிருந்து எடுக்கும் கைட்டோசானிலோ செய்யலாம். குமிழிகளைத் துணியில் ஒட்டவைத்துவிட்டால், உடம்பு அசைந்து உரசும்போது கொஞ்சம் கொஞ்சமாக உடைந்து சாறு கசியும். நம்ம தொழுவுரம் மண்ணில் மெதுவாச் சத்து விடுற மாதிரின்னு வச்சுக்கங்க.

ஆனால் ஒவ்வொரு துவைப்பிலும் குமிழிகள் கழன்று போகும். கடைசியில் மிஞ்சுவது வெறும் இறுக்கச் சட்டைதான். இத்தனை துவைப்புக்குப் பிறகும் சாறு இருக்குன்னு சோதித்துக் காட்டாத துணியை நம்ப வேண்டாம். இன்னொன்று, இது மூடிய, ஆறிய தோலுக்கு மட்டும். திறந்த புண்ணுக்கு வேறு வகைக் கட்டுகள் உண்டு: பழுப்புக் கடற்பாசியில் எடுக்கும் ஆல்ஜினேட் துணி, கதிர்வீச்சால் கிருமி நீக்கின தேன் தடவிய துணி. கிருமி நீக்கிய வாழையிலையை நம் நாட்டு மருத்துவமனைகளில் தீப்புண்ணுக்குக் கட்டியிருக்கிறார்கள்; புண்ணில் ஒட்டாது, பிரிக்கும்போது வலிக்காது. அதுக்காக வீட்டுத் தோட்டத்து இலையையோ கற்றாழையையோ அறுத்துப் பச்சைப் புண்ணில் வைக்காதீங்க. சுட்டவுடன் 20 நிமிஷம் குழாய்த் தண்ணீரில் காட்டுங்க, பிறகு ஆஸ்பத்திரி.

இதைப் படிச்சுட்டுக் கற்றாழை நடக் கிளம்புபவர்களுக்கு ஒரு வார்த்தை. ஒரு சட்டையில் ஏறும் சாறு கிராம் கணக்குதான். ஆலைக்காரர் வாங்குவது பரிசோதனை செய்த பொடியோ கெட்டிச் சாறோ. நம்ம வயல் மடலை அல்ல. அறுத்த மடலின் சோறு சீக்கிரம் கெட ஆரம்பிச்சிடும். மடலில் வடியும் மஞ்சள் பாலைப் பிரிக்காவிட்டால் தோல் எரியும். “மருத்துவத் துணிக்கு வேணும், கன்று வாங்குங்க, நாங்களே திருப்பி எடுத்துக்கறோம்” என்று யாராவது வந்தால், பதப்படுத்தும் ஆலை எத்தனை கிலோமீட்டரில் இருக்கிறது, மடலுக்கு என்ன விலை என்று எழுத்தில் வாங்கிவிட்டு, அந்த ஆலையை நேரில் பார்த்த பிறகு கன்றுக்குப் பணம் கொடுங்க.