வாசல் கோலமும் விடியாத பதற்றமும்

பரவையில் விடிவதற்கு வெகு நேரம் முன்பே ஊர் விழித்துவிடும். காய்கறிச் சந்தைக்கு வரும் லாரிகளின் ஓசை என் படுக்கையறை வரை கேட்கும். பணி ஓய்வு பெற்ற முதல் ஆண்டில், அந்த ஓசைக்கும் முன்பாகவே நான் விழித்துக் கிடந்தேன். நெஞ்சு படபடக்கும், உள்ளங்கை வியர்க்கும். மகளின் திருமணக் கடன், என்றோ தவறிச் சொன்ன ஒரு சொல் என ஒவ்வொன்றாக வந்து நிற்கும். அவற்றைவிடக் கொடியது, அதன்பின் உள்ளிருந்து எழும் குரல்: 'இந்த வயதில் இதற்கெல்லாம் பயப்படுகிறாயே, வெட்கமாக இல்லையா?'

பதற்றத்துக்கு எண்ணெய் வார்ப்பது அந்தக் குரல்தான் என்பதைப் பின்னரே அறிந்தேன். ஆபத்தை உணர்ந்ததும் உடல் அட்ரினலினையும் கார்டிசாலையும் சுரக்கிறது, இதயம் விரைகிறது. வரப்பில் சீறும் நாகத்துக்கு மட்டுமன்றி, நம்மை நாமே ஏசும் ஏச்சுக்கும் இந்த எச்சரிக்கை ஏற்பாடு எழுந்துவிடுகிறது என்கிறார் பிரிட்டிஷ் உளவியலாளர் பால் கில்பர்ட். தாக்குபவரும் தாக்கப்படுபவரும் ஒருவரே என்றால், ஓடி ஒளிய இடமேது?

இதற்கு மாற்றாக அமெரிக்க உளவியலாளர் கிறிஸ்டின் நெஃப் 2003-இல் முன்வைத்த தன்பரிவு என்னும் கருத்தில் மூன்று கூறுகள் உண்டு. தன்னிடம் கனிவு, இத்துன்பம் தனக்கு மட்டுமே நேர்ந்ததன்று என்னும் உணர்வு, மனத்தில் எழுவதை ஊதிப் பெருக்காமலும் அமுக்கி மறைக்காமலும் நோக்கும் கவனம். நம் பக்கத்தில் இதைச் 'செல்லம் கொடுப்பது' என்று தள்ளிவிடுவார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால், தேர்வில் தவறிய பக்கத்து வீட்டுப் பிள்ளையிடம் நான் ஒருநாளும் பேசத் துணியாத சொற்களை எனக்கு நானே இரவுதோறும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

கனிவை மனத்தால் வரவழைப்பது எனக்குக் கைவரவில்லை. கைதான் வழிகாட்டியது. மூட்டுவலியால் மனைவி குனிய முடியாத ஒரு மார்கழியில், கோலப்பொடிக் கிண்ணம் என்னிடம் வந்தது. ஐந்து புள்ளி, மூன்று வரை, இடைப்புள்ளி. தெருவார் சிரிப்பார்களோ என்ற கூச்சத்தில் இருட்டிலேயே தொடங்கினேன். அடுத்த புள்ளியை இழை எந்தப் பக்கமாகச் சுற்ற வேண்டும் என்பதில் கண் நிலைத்திருந்த கால் மணி நேரமும் அந்தக் குரல் எழவில்லை.

அமெரிக்காவில் கிரிஜா கைமல் குழுவினர் 2016-இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு ஓரளவு விளக்கம் தருகிறது. 39 பேர் 45 நிமிடங்கள் வரைதல், களிமண் வேலை போன்றவற்றில் ஈடுபட்டனர். அவர்களில் ஏறத்தாழ 75 விழுக்காட்டினரின் உமிழ்நீரில் கார்டிசால் குறைந்திருந்தது. முன்பயிற்சி இருந்ததா என்பது பெரிய வேறுபாட்டை உண்டாக்கவில்லை. சிறிய ஆய்வுதான், மற்றவர்களுக்குக் குறையவில்லை என்பதையும் மறைக்கக் கூடாது. எனினும், கலையும் உடல்நலமும் பற்றி 3,000-க்கும் மேற்பட்ட ஆய்வுகளைத் தொகுத்து உலக சுகாதார நிறுவனம் 2019-இல் வெளியிட்ட அறிக்கையும் இதே திசையில்தான் செல்கிறது.

எங்கள் ஊரின் பெயரையே தன் பெயருக்கு முன் சுமந்த பரவை முனியம்மாவை 2003-இல் 'தூள்' திரைப்படம் வந்தபின்தான் தமிழகம் முழுவதும் அறிந்தது. அவர் பாடிய நாட்டுப்புறப் பாடல்களின் மரபோ வயலிலும் இழவு வீட்டிலும் வளர்ந்தது. நாற்று நடும்போது, பக்கத்தில் பாடுபவளின் குரல் இனிதா என்று யாரும் மதிப்பெண் போடுவதில்லை. கோலமும் அப்படித்தான், பொழுது ஏறுவதற்குள் காலடி பட்டுக் கலைந்துவிடும் ஒன்றில் தோற்பதற்கு என்ன இருக்கிறது?

கோலம் மருந்தாகாது. பல வாரங்கள் உறக்கமும் உணவும் கெட்டால், வாழவே வேண்டாம் எனத் தோன்றினால், மருத்துவரை நாடியாக வேண்டும். மதுரை அரசு இராசாசி மருத்துவமனையில் மனநலப் பிரிவு உண்டு. 2022 அக்டோபரில் தொடங்கிய 'டெலி மானஸ்' சேவையை 14416 என்ற எண்ணில் கட்டணமின்றி அழைக்கலாம். நானும் சில மாதங்கள் மருத்துவரிடம் சென்றேன். அதைச் சொல்ல ஏனோ கோலத்தைச் சொல்வதைவிடக் கூச்சமாயிருந்தது.

நேற்று ஓர் இழை புள்ளியைச் சுற்றாமலே போய்விட்டது. 'அந்தப் புள்ளி தனியா நிக்குதுங்க' என்றார் மனைவி. நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று கையைத் தட்டிக்கொண்டு எழுந்தேன்.