ஆதார்: எங்கே கட்டாயம்? எங்கே இல்லை?

நாமக்கல் மாவட்டம் கொல்லிமலையில் மிளகு பறித்தும் மண்ணைக் கொத்தியும் பிழைக்கும் முதியவர்களின் கைரேகை தேய்ந்து போவது இயல்பு. மேலப்பாளையத்தில் பீடி சுற்றும் பெண்களுக்கும், ஆம்பூரில் தோல் பதனிடும் தொழிலாளர்களுக்கும் இதே நிலை வரலாம். 2020 அக்டோபரில் தமிழகம் 'ஒரே நாடு ஒரே ரேஷன்' திட்டத்தில் இணைந்தபோது, ரேஷன் கடைகளில் கைரேகை வைத்துப் பொருள் வாங்கும் முறை வந்தது. கருவி ரேகையை ஏற்கவில்லை என்றால் வெறும் பையுடன் திரும்ப வேண்டுமா?

வேண்டியதில்லை. கைரேகை பொருந்தவில்லை என்பதற்காக யாருக்கும் பொருள் மறுக்கக் கூடாது என்று ஆதார் ஆணையம் 2017 அக்டோபரிலேயே சுற்றறிக்கை அனுப்பியது. கருவிழிப் பதிவு, கைபேசிக்கு வரும் ஓடிபி ஆகியவற்றை முயல வேண்டும். அவையும் இயலாவிட்டால் குடும்ப அட்டையைப் பார்த்து, பதிவேட்டில் எழுதிப் பொருளை வழங்க வேண்டும். அட்டையில் பெயருள்ள வேறொருவரும் ரேகை வைக்கலாம். இதைக் கடைக்காரரிடம் பணிவாகவும் உறுதியாகவும் எடுத்துச் சொல்லுங்கள்.

மக்களின் இன்னொரு கவலை, நம் விவரங்கள் யார் யார் கைக்குப் போகின்றன என்பது. பிறர் வீட்டுக்குள் ஸலாம் சொல்லி, அனுமதி பெற்றே நுழையப் பழகியவர்கள் நாம். சொந்த விவரங்களுக்கும் அந்த அனுமதி தேவை என்பதே ஓய்வு பெற்ற நீதிபதி கே.எஸ். புட்டசாமி 2012-ல் தொடுத்த வழக்கின் சாரம். அந்தரங்கம் அடிப்படை உரிமையே என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் 2017 ஆகஸ்ட் 24 அன்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தனர்.

அடுத்து 2018 செப்டம்பர் 26 அன்று வந்த தீர்ப்பு எல்லையை வகுத்தது. அரசு மானியங்களுக்கும் பான் எண்ணுக்கும் ஆதாரைக் கேட்கலாம். வங்கிக் கணக்குக்கும் சிம் கார்டுக்கும் கட்டாயப்படுத்த முடியாது. பள்ளியில் பிள்ளையைச் சேர்க்கவும் ஆதார் கட்டாயமில்லை. 2019 சட்டத் திருத்தத்தின்படி வங்கியிலும் சிம் வாங்கும்போதும் நாமே விரும்பி ஆதார் தரலாம். தர மறுத்தால் சேவையை மறுக்கக் கூடாது.

இருந்தாலும் ஜெராக்ஸ் கடை, தங்கும் விடுதி, வாடகை வீடு என்று கேட்ட இடமெல்லாம் நகல் கொடுத்துவிடுகிறோம். ஆதார் எண்ணையும் போலிக் கைரேகையையும் வைத்து, ஓடிபி இல்லாமலே வங்கிக் கணக்கிலிருந்து பணம் எடுத்த மோசடிகள் நாட்டில் நடந்துள்ளன. எனவே நாம் செய்ய வேண்டியவை:

1. கடைசி நான்கு இலக்கங்கள் மட்டும் தெரியும் 'மாஸ்க்டு ஆதார்' பதிவிறக்கி, அதன் நகலையே கொடுங்கள்.

2. ஆணையத்தின் இணையதளத்தில் கைரேகையைப் பூட்டி வையுங்கள். ரேஷன் வாங்கப் போகும்போது தற்காலிகமாகத் திறந்துகொள்ளலாம்.

3. உங்கள் ஆதார் எப்போதெல்லாம் பயன்படுத்தப்பட்டது என்பதையும் அதே தளத்தில் அவ்வப்போது பாருங்கள்.

4. ஆதார் சந்தேகங்களுக்கு 1947. பணம் பறிபோனால் தாமதிக்காமல் 1930-ஐ அழையுங்கள்.

ஸ்மார்ட்போன் இல்லாத முதியவர்கள் நம் வீடுகளிலும் இருக்கிறார்கள். இந்த வாரம் ஒரு அரை மணி நேரம் ஒதுக்கி, உம்மாவுக்கும் வாப்பாவுக்கும் இவற்றைச் செய்து கொடுங்கள்.