நிகழ்வை அறிவிக்கும் வகுப்பு

கணினி நிரலில் ஒரு பொருளின் பண்புகளையும் செயல்களையும் வரையறுக்கும் அமைப்பு ‘வகுப்பு’ எனப்படும். சில வகுப்புகள் தம்மிடம் நேரும் மாற்றத்தை உடனே பிறவற்றுக்கு அறிவிக்கும். பள்ளி மணி ஒலித்ததும் மாணவர் வரிசையில் நிற்கின்றனர்; ஆசிரியர் வருகைப் பதிவேட்டை எடுக்கிறார். கேட்போர் யாவர் என்பதை மணி அறியாது. நிகழ்வை வெளியிடுவதே அதன் பணி.

ஜாவாஸ்கிரிப்டில் நிகழ்வின் பெயரில் ஓரெழுத்துப் பிழைத்தாலும் எச்சரிக்கை எழாது. கேட்கும் பகுதி வீணே காத்திருக்கும். மைக்ரோசாஃப்ட் 2012ஆம் ஆண்டு வெளியிட்ட டைப்ஸ்கிரிப்டில், நிகழ்வின் பெயரையும் உடன்செல்லும் தரவின் வகையையும் முன்னரே வரையறுக்கலாம். ‘மதிப்பெண் மாறியது’ என்னும் நிகழ்வுடன் எண்ணே செல்லும் என வரையறுத்தபின், பெயர் பிழைத்தாலோ எண்ணுக்குப் பதிலாகச் சொல்லை அனுப்பினாலோ, நிரல் இயங்குமுன்பே கம்பைலர் பிழையைச் சுட்டும்.

சிந்திக்க: பள்ளி மணியைக் கேட்டுச் செயல்படுவோர் வேறு யாவர்?